நாளமில்லாச் சுரப்பிகளும் நம் முன்னோரின் மருத்துவ நூல்களும்

இன்றைய அரபி உடலியல் பாடநூல்களில் 'அல்குததுஸ் ஸம்மா' என்றொரு சொல்லாட்சி உண்டு. 'குத்தா' என்றால் சுரப்பி. 'குதத்' அதன் பன்மை. 'ஸம்மா' என்னும் சொல்லுக்கோ செவிடு என்பதே மாணவர் முதலில் கற்கும் பொருள். சில ஆண்டுகளுக்கு முன் இதனை நாம் கரும்பலகையில் எழுதியபோது, 'செவிட்டுச் சுரப்பிகள்' என்று பெயர்த்துவிட்டு வகுப்பே சிரித்தது. துளையோ உட்குழிவோ இல்லாத கெட்டிக் கல்லையும் அரபிகள் 'ஹஜருன் அஸம்மு' என்பர் என விளக்கிய பின்னரே பொருள் பிடிபட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வாயில் வந்து திறக்கும் நாளம் உண்டு. தைராய்டு, அட்ரினல் முதலியவற்றுக்கு அது கிடையாது. தாம் சுரப்பதை அவை நேரே குருதியில் கலந்துவிடுகின்றன. அச்சுரப்புகளையே ஹார்மோன்கள் என்கிறோம்.

பாடம் முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், இதையெல்லாம் இப்னு சீனா அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் அல்லவா?" என்று வினவினார். கல்லூரி ஆண்டு விழாவில் அவ்வாறே பேசுவதற்கு உரையும் எழுதி வைத்திருந்தார். நாம் இல்லை என்றோம். அவர் முகம் வாடிவிட்டது. ஒற்றைச் சொல்லில் மறுத்தது நம் பிழை. காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

இப்னு சீனா (980-1037) தம் 'அல்கானூன் ஃபித்திப்' நூலின் மூன்றாம் பாகத்தில் நீரிழிவைப் பற்றி எழுதியுள்ளார். பருகிய நீர் பருகியவாறே சிறிது நேரத்தில் வெளியேறிவிடும் நோய் என்று அதனை வரையறுக்கிறார். அரபியில் அதற்கு வழங்கிய பெயர்களையும் தருகிறார். அவற்றுள் ஒன்று 'தூலாப்', அதாவது நீரிறைக்கும் சக்கரம். அள்ளுவதும் கொட்டுவதுமாய் ஓயாது சுழலும் சக்கரத்தை நோயாளியின் தீராத் தாகத்துக்கு ஒப்பாக்கிய அச்சொல்லை நாம் பல முறை வியந்ததுண்டு. மற்றொரு பெயர் 'ஸலகுல் குல்யா', சிறுநீரகத்தின் வழுக்கல். நோயின் இருப்பிடம் எது என்று கருதினார்கள் என்பதை இப்பெயரே காட்டிவிடுகிறது. அவர் சிறுநீரகத்தைத்தான் நோக்கினார், கணையத்தை அன்று. சிறுநீரின் இனிப்பைக் குறிக்கும் 'மதுமேகம்' என்னும் பெயர் இந்திய ஆயுர்வேத நூல்களில் அதற்கும் முன்னரே இருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

கணையத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு 1889இல்தான் வெளிப்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அதற்கு நீரிழிவு கண்டது. 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் சிறுகுடலில் உண்டாகும் ஒரு பொருள் குருதி வழியே சென்று கணையத்தைச் சுரக்கத் தூண்டுவதைக் கண்டனர். தூண்டுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹார்மோன்' என்னும் பெயரை ஸ்டார்லிங் வழங்கியது 1905இல். டொரண்டோவில் 1921இல் பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலின், மறு ஆண்டு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தப்பட்டது. குருதியில் செல்லும் தூதுப் பொருள் என்னும் இக்கருத்தை 'கானூனில்' தேடிக் காண முயல்வது, ஆசிரியர் எழுதாததை அவர் பெயரில் எழுதுவதாகும். ஹதீஸ் கலையில் அத்தகைய செயலுக்கு என்ன பெயர் என்பதை நம் மாணவர் அறிவர்.

அப்படியானால் முன்னோர் என்னதான் செய்தார்கள்? கண்டதைச் சரியாகப் பதிந்தார்கள். பஸராவின் அல்ஜாஹிழ் (மறைவு 868 அளவில்) 'கிதாபுல் ஹயவான்' நூலில், விதை நீக்கப்பட்டவர்களுக்குக் குரலிலும் உரோமத்திலும் உண்டாகும் மாற்றங்களை விரிவாகப் பேசுகிறார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1849இல், ஜெர்மனியின் கோட்டிங்கனில் பெர்தோல்டு காயடித்த சேவல்களில் சிலவற்றின் வயிற்றுக்குள் விதையை மீண்டும் வைத்துப் பார்த்தார். அவற்றுக்குக் கொண்டை வளர்ந்தது, கூவின, சண்டையிட்டன. நரம்புத் தொடர்பு அற்றுப்போன நிலையில் இது குருதியின் வழியாகவே நடந்திருக்க வேண்டும் என்று அவர் துணிந்தார். ஜாஹிழிடம் கவனிப்பு இருந்தது, சோதனை இல்லை. அவ்வாறே, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் எழுதிய இஸ்மாயீல் அல்ஜுர்ஜானி கழுத்து வீக்கத்தையும் கண் பிதுக்கத்தையும் இணைத்துக் கூறியதாக மருத்துவ வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அயர்லாந்தின் கிரேவ்ஸ் அந்நோயை விவரித்தது 1835இல்.

பிழைகளும் அவர்களிடம் இருந்தன. ஒரு பிழை இன்றும் அரபியில் வாழ்கிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருந்துகொண்டு பிற சுரப்பிகளை ஆளும் பிட்யூட்டரிக்கு அரபியில் 'அல்குத்தத்துன் நுகாமிய்யா' என்று பெயர். 'நுகாமா' என்றால் சளி. பள்ளிவாசலின் கிப்லாச் சுவரில் காணப்பட்ட சளியைப் பற்றிய ஹதீஸில் மாணவர் படித்த அதே சொல். மூளையின் சளி இவ்வழியே மூக்கிற்கு இறங்குகிறது என்னும் கிரேக்க மருத்துவர் ஜாலினூஸின் கருத்தே இப்பெயருக்குக் காரணம். லத்தீன் வழிவந்த பிட்யூட்டரி என்னும் பெயரும் சளியையே குறிப்பது. 17ஆம் நூற்றாண்டில் கருத்து வீழ்ந்தது, பெயர் நிலைத்தது.

நீரிழிவுக்கெனத் தனி நூலே எழுதிய அப்துல் லதீஃப் அல்பக்தாதி (1162-1231) இங்கு நினைக்கத் தக்கவர். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது ஜாலினூஸின் கூற்று. இப்னு சீனாவும் அதனையே வழிமொழிந்தார். எகிப்தில் 1200இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தின் போது அங்கிருந்த அல்பக்தாதி, காஹிராவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் குவிந்து கிடந்த மனித எலும்புகளைச் சென்று பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்று எழுதினார். ஜாலினூஸின் மீது பெருமதிப்பு உடையவராயினும் தம் கண் கண்டதையே அவர் மேலாகக் கொண்டார்.

இவ்வளவையும் அம்மாணவரிடம் பின்னர் ஒரு நாள் அஸருக்குப் பிறகு அமர்ந்து சொன்னோம். அவர் தம் உரையைக் கிழித்துவிட்டு, மக்ஸின் எலும்புக் குவியலைப் பற்றிப் புதிதாக எழுதிப் பேசினார். விழா முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "பிள்ளை நன்றாகத்தான் பேசினார், ஆனால் இப்னு சீனாவைக் குறை சொல்லிவிட்டாரே" என்று நம்மிடம் வருந்தினார்.