புகை போயிற்று, பெயர் நின்றது

தமிழகத்தார் ரயில் என்று வழங்குவதை ஈழத்துத் தமிழர் புகையிரதம் என்று எழுதுகின்றனர். பேச்சில் கோச்சி என்கின்றனர். இன்று மட்டக்களப்பு நிலையத்துக்கு வந்து சேரும் வண்டியில் கரியும் இல்லை, கொதிகலனும் இல்லை. எனினும் அதனை நடத்தும் அரசுத் திணைக்களத்தின் தமிழ்ப் பெயரில் புகை இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. பொருள் மறைந்த பின்னும் சொல் வாழ்வது மொழியில் புதுமையன்று. அப்பொருளைத் தம் உழைப்பால் ஓட்டிய மனிதர் மறக்கப்படுவதே நாம் எண்ணிப்பார்க்கத் தக்கது.

இப்பாதை யாருக்காக வந்தது? 1864ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை எட்டியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்தில் சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது பாதை மேலும் மலையேறி, 1924இல் பதுளையை அடைந்தது. நெல்லும் மீனும் விளையும் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அது வந்தது 1928இல். முதல் வண்டி ஓடி அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன! ஏற்றுமதிப் பயிரைப் போல உழவனின் நெல் அந்நிய ஆட்சியின் கணக்கேட்டில் முந்தி இடம் பெறவில்லை.

இது இலங்கைக்கு மட்டுமே உரிய கதையன்று. தென்னமெரிக்காவின் ஆர்ஜெண்டீனாவில் பிரித்தானியக் கம்பனிகள் அமைத்த பாதைகள் விசிறிபோலப் புவனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் வந்து கூடின. அங்கே கோதுமையும் இறைச்சியும். இங்கே கோப்பியும் தேயிலையும். அந்நாட்டு அரசு 1948இல் அப்பாதைகளை விலைகொடுத்து வாங்கிற்று. இலங்கையிலோ பாதை தொடக்கம் முதலே அரசின் உடைமை. ஆனால் அந்த அரசு மக்களுடையதாக இருக்கவில்லை.

மாகோச் சந்தியில் பிரியும் மட்டக்களப்புப் பாதை 210 கிலோமீற்றருக்கு மேல் நீளமுடையது. கல்லோயாவில் ஒரு கிளை திருகோணமலைத் துறைமுகத்துக்குச் செல்கிறது. மற்றது பொலன்னறுவையைக் கடந்து, மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையை இரும்புப் பாலத்தால் தாண்டி, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியே வாவிக்கரை நகருக்கு வருகிறது. அந்த ஒரே பாலத்தைப் புகையிரதமும் தெருவாகனங்களும் 2007ஆம் ஆண்டு வரை பங்கிட்டுக்கொண்டன. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. தெற்கே கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் அது ஒருநாளும் சென்றதில்லை.

நீராவி எஞ்சின் மனித உழைப்பை விழுங்கி ஓடிய யந்திரம். வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே தீ மூட்ட வேண்டும். வழியில் தண்ணீர்த் தாங்கிகளில் நிறுத்தி நீர் நிரப்ப வேண்டும். உலையின் வாயருகே நின்று ஒருவன் ஓயாமல் கரி வாரிப் போட வேண்டும். சாம்பல் அள்ளவும் கொதிகலனில் படிந்த உப்பைச் சுரண்டவும் வேறு பலர் வேண்டும். இத்தொழிலாளர் வாய்மூடிக் கிடந்தவருமல்லர். 1923இல் கொழும்பை உலுக்கிய பொது வேலைநிறுத்தம் புகையிரதத் தொழிலாளரிடமிருந்தே தொடங்கியது. 1929இல் டிராம் வண்டித் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர்.

1950களில் மாற்றம் விரைந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் 1954 முதல் வந்திறங்கின. அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்நாட்டு மாகாணப் பெயர்களையே அவை தாங்கியிருந்தன. 1955 முதல் பொது முகாமையாளராக இருந்த பி. டி. ரம்பாலா இம்மாற்றத்தை முன்னின்று நடத்தினார். 1899இல் ஓடத் தொடங்கிய கொழும்பு டிராம் 1960இல் நின்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நெடுந்தூரப் பயண வண்டிகளிலிருந்து நீராவியும் விடைபெற்றது.

இதற்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. அனலில் வெந்த உடலுக்கு ஓய்வு தரும் யந்திரத்தை வரவேற்பதே முற்போக்கு. ஆனால் கணக்கை முழுமையாகப் பார்ப்போம். நேற்றுக் கப்பலேறி வந்தது கரி. இன்று கப்பலேறி வருவது எண்ணெய். இரண்டும் அந்நிய மண்ணின் பொருள்களே. கரி வாரிய கைகளுக்கு எந்த நிலையத்திலும் நினைவுக்கல் இல்லை.

மட்டக்களப்புப் பாதையை உண்மையில் நலிவித்தது டீசல் அன்று. பேருந்தும் லொறியும் பயணியையும் சரக்கையும் பகிர்ந்துகொண்டன. அதன்மேல் போர் வந்தது. 1990களில் தடைப்பட்ட சேவை போர்நிறுத்தத்தின் பின் 2003இலேயே மட்டக்களப்புக்கு மீண்டது. 1956இல் உற்பத்தி தொடங்கி வைக்கோலைக் காகிதமாக்கிய வாழைச்சேனை ஆலையும் இதே காலத்தில் தளர்ந்தது. பாதையும் ஆலையும் உழவும் ஒரே சங்கிலியின் வளையங்கள். ஒன்று அறுந்தால் மற்றவை தாமாக நிற்பதில்லை.

பாதை வந்தபோது வாவிக்கரை மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. அது தளர்ந்தபோதும் கேட்கப்படவில்லை. இனி அதை நீட்டுவதோ சுருக்குவதோ எதுவாயினும், வயலில் நிற்பவனும் வலை இழுப்பவனும் அதில் தம் சொல்லைச் சேர்க்க வேண்டும். நீராவி நாள்களில் உழைத்தோருள் இன்னும் நம்மிடை வாழும் முதியோர் சிலரே. அவர்கள் வாய்மொழியை இப்போதே எழுதி வைப்போம். எஞ்சினின் வரலாற்றைப் பொறியியலார் எழுதிவிடுவர். அதை ஓட்டியவர்களின் வரலாற்றை எழுதும் கடமை நம்முடையது.