மெக்கானிக்கல் மாட்

மெக்கானிக்கல் மாட் என்பது மின்னணுச் சுற்று எதுவும் இல்லாத ஒரு மின் சிகரெட்டு வகையாகும். தமிழில் இதனைப் பொறிமுறை ஆவிக்கருவி எனலாம். பேச்சுவழக்கில் எல்லா வகை மின் சிகரெட்டுகளும் வேப் என்றே குறிப்பிடப்படுகின்றன. ஓர் உலோகக் குழாய், ஒரு மின்கலம், ஓர் அழுத்துபொத்தான், சூடாகும் கம்பிச்சுருள் ஆகியவையே இதன் முதன்மை உறுப்புகள். பழைய டார்ச் விளக்கில் பல்பைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் கம்பிச்சுருளைப் பொருத்தியது போன்ற அமைப்பு என்று கொண்டால் பெரிதும் தவறாகாது. ஏனைய மின் சிகரெட்டுகளில் மின்னோட்டத்தைக் கண்காணித்து, அளவு மீறும்போது இணைப்பைத் துண்டிக்கும் சில்லு ஒன்று உண்டு. இதில் அது கிடையாது. ஆகவே சில்லு செய்ய வேண்டிய பாதுகாப்புப் பணியின் பெரும்பகுதி, கருவியைத் தூய்மையாகவும் பழுதின்றியும் வைத்திருப்பவரின் கையில் விடப்பட்டுள்ளது.

இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவை தடைசெய்யப்பட்டுள்ளன.

வரலாறு

இன்றைய மின் சிகரெட்டைச் சீன மருந்தாளுநரான ஹோன் லிக் 2003ஆம் ஆண்டு உருவாக்கினார். தொடக்கத்தில் வந்த கருவிகள் சிகரெட்டின் அளவிலேயே இருந்தன. அவற்றின் சிறிய மின்கலங்கள் விரைவில் தீர்ந்துவிடும். இக்குறையைப் போக்க முயன்ற பயனர்கள் பெரிய மின்கலம் கொள்ளும் டார்ச் உறைகளை மாற்றியமைத்துப் பயன்படுத்தினர். மாற்றியமைத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே மாட் என்பதாகும். பிரித்தானியாவைச் சேர்ந்த டெட் ரோஜர்ஸ், மாட் ரோஜர்ஸ் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஸ்குரூடிரைவர் என்ற கருவி இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பின்னர் கிரேக்கம், பிலிப்பைன்ஸ், மலேசியா முதலிய நாடுகளில் கடைசல் பட்டறைகளில் செய்யப்பட்ட குழாய்கள் பெயர் பெற்றன.

அமைப்பு

குழாய் பித்தளை, செம்பு, அலுமினியம் அல்லது துருவேறா எஃகினால் ஆனது. இக்குழாயே மின்சுற்றின் எதிர்முனைக் கம்பியாகவும் செயற்படுகிறது. அதாவது கையில் பிடிக்கும் பகுதியிலேயே மின்னோட்டம் பாய்கிறது. மின்னழுத்தம் 4 வோல்ட்டு அளவே என்பதால் அதிர்ச்சி தாக்குவதில்லை. அடியிலுள்ள பொத்தானை அழுத்தும்போது அதன் தொடுமுனை மின்கலத்தைத் தொட்டுச் சுற்று நிறைவடையும். கையை எடுத்ததும் பொத்தானைப் பின்னுக்குத் தள்ளுவது ஒரு சுருள்வில் அல்லது ஒன்றையொன்று விலக்கும் இரு காந்தங்கள்.

மேல்முனையில் திருகப்படும் ஆவியாக்கியில் கம்பிச்சுருளும் அதனூடே செருகிய பஞ்சும் உள்ளன. சுருள் பெரும்பாலும் காந்தல் எனப்படும் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகத்தாலோ நிக்ரோமினாலோ ஆனது. பஞ்சில் ஊறும் நீர்மம் புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நறுமணப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியவற்றின் கலவை. இணைப்பு மரை 510 என்று பெயர் பெற்றது. இதன் விட்டம் 7 மில்லிமீட்டர், புரியிடைவெளி அரை மில்லிமீட்டர்.

மின்கலமாக 18650 வகை லித்தியம் அயனிக் கலம் பரவலாகப் பயன்படுகிறது. பெயரின் முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும் (18 மில்லிமீட்டர்), அடுத்த இரண்டு நீளத்தையும் (65 மில்லிமீட்டர்) குறிக்கும். முழுமையாக மின்னேற்றிய நிலையில் இது 4.2 வோல்ட்டு தரும்.

அழுக்கும் மின்தடையும்

இக்கருவியில் அழுக்கு ஏன் ஒரு மின்னியல் சிக்கலாகிறது என்பதை ஓமின் விதியைக் கொண்டு எளிதில் காணலாம். சுருளின் மின்தடை 0.5 ஓம், மின்கலம் 4.2 வோல்ட்டு எனில், 8.4 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். சுருளில் ஏறத்தாழ 35 வாட்டு வெப்பம் உண்டாகும். (மின்கலத்தின் உள்தடை இங்கு கணக்கில் கொள்ளப்படவில்லை.) மரையிலும் தொடுமுனையிலும் படிந்த களிம்பினால் 0.1 ஓம் தடை கூடிவிட்டதாகக் கொள்வோம். அப்போது மின்னோட்டம் 7 ஆம்பியராகவும், சுருளின் வெப்பம் 24.5 வாட்டாகவும் குறையும். மீதமுள்ள வெப்பத்தில் 4.9 வாட்டு அழுக்குப் படிந்த இணைப்பிலேயே வெளிப்படும். ஒரு பற்றவைப்புக் கோலின் நுனியைச் சூடேற்ற ஏறக்குறைய போதுமான ஆற்றல் இது; சுருள்வில்லுக்கும் மின்காப்பு வளையத்துக்கும் அருகில் இதற்கு வேலையில்லை.

வெப்பத்தைவிட நயமான இடர் ஒன்றும் உண்டு. ஆவி குறைந்துவிட்டதை உணரும் பயனர், குறைந்த தடையுள்ள சுருளைச் சுற்றி அதனை ஈடுகட்ட முற்படுவார். அழுக்குள்ள கருவியில் 0.2 ஓம் சுருள் 14 ஆம்பியரை மட்டுமே இழுக்கும். பின்னொரு நாள் அவரே கருவியைத் துலக்கினால், அதே சுருள் 21 ஆம்பியரை இழுக்கும். மின்கலத்தின் வரம்பு 20 ஆம்பியர் எனில் எல்லை அங்கேயே கடக்கப்பட்டுவிட்டது. எனவே முதலில் தூய்மை செய்து, அதன் பின்னரே தடையை அளந்து சுருளை முடிவு செய்ய வேண்டும் என்பது முறை.

தூய்மை செய்யும் முறை

எல்லாவற்றுக்கும் முன் மின்கலத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். பின் குழாய், பொத்தான், ஆவியாக்கி ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றி, கசிந்துள்ள நீர்மத்தை மெல்லிய தாளால் ஒற்றி எடுக்கலாம். கிளிசரினும் கிளைக்கோலும் நீரில் கரைபவை. அத்துடன் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பவை. ஆகவே ஒரு துளி கசிந்தாலும் அது உலராமல் மரையில் தங்கிக் களிம்புக்கு வழி செய்கிறது. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்புநீர்மமும் இதற்குப் போதும். மரையின் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் சேரும் என்பதால் கையுறை அணிவது நன்று. கழுவும் இடம் சமையல் பாத்திரங்கள் துலக்கும் இடமாக இருத்தல் கூடாது.

செம்பு, பித்தளைப் பகுதிகளின் கறுப்பை நீக்கத் தமிழர் வீடுகளில் குத்துவிளக்கு துலக்கப் பயன்படும் புளியே இங்கும் பயன்படுகிறது. புளியிலுள்ள அமிலம் உலோக ஆக்சைடைக் கரைத்துவிடும். உப்பு சேர்த்துத் தேய்த்தால் பளபளப்பு விரைவில் வரும். ஆனால் மரை இடுக்கில் தங்கும் உப்பு சில நாள்களில் முன்னிலும் மோசமாகக் களிம்பேறச் செய்யும். விளக்குக்குப் பொருந்தும் பக்குவம் முழுவதும் இதற்குப் பொருந்தாது. வெள்ளி முலாம் பூசிய தொடுமுனைகளைப் புளியாலோ, திருநீற்றாலோ, உப்புத்தாளாலோ தேய்த்தல் கூடாது. முலாம் மெல்லியது, ஒருமுறை போனால் அடியிலுள்ள பித்தளை தொடுமுனையாகிவிடும். இவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைப்பதே ஏற்றது. கைகளுக்கான கிருமிநாசினிக் களியில் ஆல்ககால் இருந்தாலும் அது பிசின் போன்ற எச்சத்தை விட்டுச்செல்லும். எஃகுக் கம்பிநாரும் பயன்படக் கூடாது, உதிரும் இழை ஒன்றே குறுக்குச்சுற்றுக்குப் போதும்.

கழுவிய உறுப்புகள் முற்றிலும் உலர்ந்த பின்னரே பூட்டப்பட வேண்டும். ஆல்ககால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதன் மணம் முற்றிலும் நீங்கும்வரை சுருளைச் சூடேற்றக் கூடாது. பஞ்சைத் துவைத்து மீண்டும் பயன்படுத்துவது வீண்வேலை. கருகிய பஞ்சிலிருந்து ஆல்டிகைடுகள் எனப்படும் எரிச்சலூட்டும் சேர்மங்கள் வெளிவரும். அது மாற்றப்பட வேண்டியது.

பழுது பார்க்க வேண்டிய இடங்கள்

பொத்தான் முதன்மையானது. எஃகுச் சுருள்வில் வழியே மின்னோட்டம் பாயும் வடிவமைப்புகளில் வில் சூடாகி நாளடைவில் தன் விறைப்பை இழக்கும். காந்தப் பொத்தான்களில் பயன்படும் நியோடிமியக் காந்தங்களும் வெப்பத்தால் வலுவிழப்பவையே. அவற்றின் பொதுவான தரம் ஏறத்தாழ 80 பாகை செல்சியசு வரையே தாங்கும். வலுவிழந்த பொத்தான் அழுந்திய நிலையிலேயே நின்றுவிட்டால், டார்ச் விளக்காயின் மின்கலம் தீரும், அவ்வளவுதான். இங்கோ சுருள் பழுக்கச் சிவந்து, அணைக்க ஆளின்றி எரிந்துகொண்டிருக்கும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் நகரப் பேருந்தின் நெரிசலில், கால்சட்டைப் பையிலுள்ள பொத்தான் அழுந்துவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பது பயணித்தவர் அறிந்ததே. பூட்டுவளையம் இதற்காகவே வைக்கப்படுகிறது. அதனையும் நம்பாமல் மின்கலத்தை எடுத்துவிடுவதே பாதுகாப்பானது.

அடுத்தது மின்காப்பு வளையம். நேர்முனைத் தொடுகம்பியைக் குழாயிலிருந்து பிரிக்கும் இச்சிறு நெகிழி வளையத்தில் விரிசலோ உருகிய தடமோ காணப்பட்டால் கருவியைப் பயன்படுத்துதல் கூடாது. மூன்றாவதாகக் குழாயிலுள்ள துளைகள். அழகுக்கெனத் தோன்றும் இவை மின்கலம் பழுதுற்று வளிமத்தைக் கக்கும்போது அது வெளியேறுவதற்கான வழிகள். அழுக்கினால் அவை அடைபட்டால் மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

ஹைபிரிட் எனப்படும் வகையில் இடைத்தொடுமுனை இன்றி ஆவியாக்கியே மின்கலத்தை நேரடியாகத் தொடுகிறது. மின்கலத்தின் நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு எதிர்முனை என்பதைப் பலர் அறியார். ஆவியாக்கியின் நடுமுனை போதிய அளவு வெளியே துருத்தி நில்லாவிடில், அதன் மரை நேர்முனையையும் அவ்விளிம்பையும் ஒருங்கே தொட்டால் நேரடிக் குறுக்குச்சுற்று உண்டாகும். பொத்தானை அழுத்தவும் வேண்டியதில்லை.

மின்கலம்

மின்கலத்தைச் சுற்றியுள்ள வண்ண நெகிழி உறையில் சிறு கிழிசல் இருந்தாலும் உறையை மாற்றியாக வேண்டும். அடியிலுள்ள உலோகக் கூடு முழுவதும் எதிர்முனையாகும். பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த 18650 கலங்கள் தோற்றத்தில் ஒத்திருப்பினும், அவற்றுள் பல 10 ஆம்பியருக்கும் குறைந்த வரம்புடையவை. மறுவுறையிட்ட கலங்களின் மேல் அச்சிட்ட எண்களை அப்படியே நம்புவதற்கில்லை. மாற்றுக்கலத்தை நாணயங்களோடும் சாவிகளோடும் ஒரே பையில் போடாமல் நெகிழிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

விபத்துகள்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு ஊடகங்களில் 2009 முதல் 2016 வரை வெளியான 195 மின் சிகரெட்டுத் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றுள் 61 கருவியோ மின்கலமோ சட்டை, கால்சட்டைப் பைகளில் இருந்தபோதும், 60 பயன்பாட்டின்போதும், 48 மின்னேற்றத்தின்போதும் நேர்ந்தவை. இவ்வெண்கள் எல்லா வகைக் கருவிகளையும் சேர்த்தவை. மே 2018இல் புளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கருவி வெடித்து 38 வயதான ஒருவரும், ஜனவரி 2019இல் டெக்சாசில் 24 வயதான ஒருவரும் உயிரிழந்தனர்.

தூய்மையான கருவி வெடிக்கும் வாய்ப்பைக் குறைக்குமே தவிர, உள்ளிழுக்கும் ஆவியைத் தீங்கற்றதாக்காது. நிக்கோட்டின் பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்குவது. நிக்கோட்டின் நீர்மத்தைச் சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சட்டநிலை

தமிழ்நாடு அரசு 2018இல் மின் சிகரெட்டுகளைத் தடை செய்தது. இந்திய அரசு 18 செப்டம்பர் 2019 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்து, அதே ஆண்டு திசம்பரில் அதனை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. நிக்கோட்டின் உள்ளதோ இல்லாததோ, எல்லா மின் சிகரெட்டுகளும் இதில் அடங்கும். உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதன்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை அபராதமும் உண்டு. தமிழர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரில் பிப்ரவரி 2018 முதல் வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம். மலேசியாவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் கட்டுப்பாடுகளுடன் விற்பனை அனுமதிக்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளியில்

சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்த உறையூர் சுருட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆர்தர் கொனன் டொயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே திருச்சிராப்பள்ளிச் சுருட்டை அடையாளம் காண்கிறார். சுருட்டு புகைத்தபின் சாம்பலன்றி எஞ்சுவது குறைவு. மெக்கானிக்கல் மாட் அப்படியன்று. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி வானூர்திகள் உள்ள நிலையில், தடைக்கு முன் கொண்டுவரப்பட்டுக் கைவிடப்பட்ட கருவிகள் வீட்டு இழுப்பறைகளில் மின்கலத்துடனேயே கிடக்கக்கூடும். மரை களிம்பேறி இறுகியிருந்தால் இடுக்கியால் வலிந்து திருகுதல் ஆபத்தானது. உள்ளிருக்கும் கலம் நசுங்கலாம். வெளியே எடுத்த கலத்தின் இரு முனைகளிலும் மின்காப்பு நாடா ஒட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதனை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும்.