கருவறை அமானிதம்: பரம்பரை நோயும் மார்க்கத்தின் வரம்பும்

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



முதற் குழந்தை தலசீமியா எனும் கொடிய இரத்தச் சோகையுடன் பிறந்துவிட்டது. இரண்டு, மூன்று வாரத்திற்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியே அதனைக் காக்க வேண்டியுள்ளது. இந்நிலையில் தாய் மீண்டும் கருவுறுகிறாள். இக்குழந்தைக்கும் அதே நோய் இருப்பதாகப் பரிசோதனை கூறுகிறது. கலங்கிய பெற்றோர் பள்ளிவாசலின் இமாமிடம் வந்து, "இக்கருவைக் கலைப்பது கூடுமா?" என்று கேட்கின்றனர். கூடும் என்றோ கூடாது என்றோ ஒற்றைச் சொல்லில் முடிகிற கேள்வியன்று இது. நம் முன்னோர்களான இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சிந்தித்து வகுத்த வரம்புகள் இதில் உள்ளன. அவற்றை அறிவது ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் கடமையாகும்.

செஞ்சியும் ஆலம்கீரியும்

செஞ்சிக் கோட்டையினுள் இன்றும் நிற்கிறது சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல். ஆர்க்காடு நவாபாக விளங்கிய அவர், 1714-இல் தேசிங்கு ராஜாவை வென்ற பின்னர் 1717-18-இல் எழுப்பிய இறையில்லம் அது. அதற்கு முன்னரே, 1690 முதல் 1698 வரை நீண்ட முற்றுகைக்குப் பின் ஔரங்கசீப் ஆலம்கீரின் தளபதி சுல்பிகார் கான் இக்கோட்டையைக் கைப்பற்றியிருந்தார். 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் செஞ்சியும் சேர்க்கப்பட்டது. கோட்டையின் மதில்களையும் களஞ்சியங்களையும் காணச் செல்வோர் அனேகர். ஆனால் அதே ஆலம்கீரின் காலம் நமக்கு விட்டுச்சென்ற மற்றொரு செல்வத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புர்ஹான்பூர் ஷைகு நிஜாம் அவர்களின் தலைமையில் உலமாப் பெருமக்கள் பலர் கூடித் தொகுத்த 'ஃபதாவா ஆலம்கீரி' எனும் ஹனஃபி சட்டப் பெருநூலே அது. செஞ்சியைப் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும், கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் பரவி நிற்பதைத் தமிழக முஸ்லிம்கள் அறிவர்.

அந்நூலில் ஒரு தாயைப் பற்றிய சட்டம் இடம்பெறுகிறது. அவள் கைக்குழந்தைக்குப் பாலூட்டி வருகிறாள். மீண்டும் கருவுற்றதால் பால் வற்றிவிடுகிறது. செவிலித்தாயை அமர்த்தத் தந்தைக்கு வசதியில்லை. பிள்ளை இறந்துவிடுமோ என்று அவள் அஞ்சுகிறாள். அத்தகையவள், கருவில் உறுப்புகள் உருவாகாத வரை அதனை வெளியேற்ற மருந்து உட்கொள்ளலாம் என்று அந்நூல் அனுமதிக்கிறது. நூற்று இருபது நாட்களுக்குப் பின்னரே உருவம் வெளிப்படும் என்றும் காலவரம்பைக் குறிப்பிடுகிறது.

அன்பர்களே! இங்கே கவனிக்க வேண்டியது யாது? அந்த ஏழைத் தாயின் துயரத்தைச் சட்ட அறிஞர்கள் புறக்கணிக்கவில்லை. அதே வேளையில் கருவை மதிப்பற்ற பொருளாகவும் எண்ணவில்லை. மெய்யான காரணம், குறிப்பிட்ட காலம் ஆகிய இரு நிபந்தனைகளுக்குள் அச்சலுகையை நிறுத்தினர்.

கருவுக்கும் உரிமையுண்டு

இந்த எச்சரிக்கைக்கு அடிப்படை அண்ணலாரின் தீர்ப்பில் உள்ளது. ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டபோது, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளின் வயிற்றிலிருந்த சிசு இறந்தது. அச்சிசுவிற்காக 'குர்ரா' எனும் ஈட்டுத்தொகையை நபி (ஸல்) அவர்கள் விதித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் இது பற்றித் தோழர்களிடம் ஆலோசனை கேட்டபோது, முஃகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் அத்தீர்ப்பை எடுத்துரைத்தார்கள். முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்கள் அதற்குச் சாட்சி கூறினார்கள். பிறவாத சிசுவிற்கும் சட்டத்தின் முன் உரிமையுண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

வறுமைக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கொல்வதை அல்இஸ்ரா அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் தடுக்கிறது. உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தை மறுமையில் விசாரிக்கப்படுவதை அத்தக்வீர் அத்தியாயம் நினைவூட்டுகிறது. பெண் சிசுக் கொலையின் காரணமாக 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்த தமிழகத்தில், பெண் என்பதற்காகவே கருவைக் கலைப்பது அந்த அறியாமைக் காலத்தின் மறுபிறப்பேயன்றி வேறில்லை. அதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

நூற்று இருபது நாட்கள்

கரு நாற்பது நாட்கள் துளியாகவும், அதுபோன்றே இரத்தக் கட்டியாகவும், பின்னர் சதைப் பிண்டமாகவும் இருந்து, அதன் பின் மலக்கு அனுப்பப்பட்டு ரூஹ் ஊதப்படுகிறது என்னும் கருத்திலமைந்த ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. ரூஹ் ஊதப்பட்ட பின் கருவைக் கலைப்பது ஹராம் என்பதில் இமாம்களிடையே ஒருமித்த கருத்து நிலவுகிறது.

அதற்கு முந்திய காலத்தைப் பற்றியே கருத்து வேறுபாடு உண்டு. மாலிகி மத்ஹபின் நிலை மிகக் கடுமையானது. நாற்பது நாட்களுக்கு முன்னரும் கூடாது என்பதே அவர்களிடம் வலுப்பெற்ற சொல். ஹன்பலி அறிஞர்கள் பலர் முதல் நாற்பது நாட்களுக்குள் அனுமதித்தனர். ஷாஃபிஈ அறிஞர்களிடையே இரு கருத்துகளும் உள்ளன. அவர்களுள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், துளி கருவறையில் தங்கியதுமே அதனைக் கெடுப்பது குற்றமாகும் என்றும், கரு வளர வளர அக்குற்றமும் வளரும் என்றும் விளக்கினார்கள். ஹனஃபிகளிடம் சலுகை அதிகம். எனினும், அந்தச் சலுகை தக்க காரணம் உள்ள நிலைக்கே உரியது என்ற விளக்கத்தை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டியுள்ளார்கள்.

மக்காவின் தீர்மானம்

கருவிலேயே நோயறியும் கருவிகள் முன்னோர்களின் காலத்தில் இல்லை. அவை வந்த பின்னர், ராபிதா எனப்படும் உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு மன்றம் 1990 பிப்ரவரியில் (ஹிஜ்ரி 1410 ரஜப்) மக்காவில் கூடி இதனை ஆராய்ந்தது. அதன் தீர்மானத்தின் சாரம் இதுவே:

120 நாட்கள் கடந்துவிட்டால், சிசு ஊனமுற்றது என்று மருத்துவம் கூறினாலும் கலைப்பது கூடாது. கரு தொடர்வது தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து என நம்பகமான மருத்துவர் குழு முடிவு செய்தால் மட்டும், இரு தீங்குகளில் பெரியதைத் தடுக்கும் பொருட்டு அனுமதியுண்டு.

120 நாட்களுக்கு முன்னர், சிகிச்சைக்கு வழியில்லாத கடுமையான குறைபாடு இருப்பதையும், பிறந்தால் அதன் வாழ்வு அதற்கும் குடும்பத்தினருக்கும் பெருந்துன்பமாக அமையும் என்பதையும் நம்பகமான நிபுணர் குழு பரிசோதனைகளின் மூலம் உறுதி செய்தால், பெற்றோரின் வேண்டுகோளின்படி கலைக்கலாம். அப்போதும் அல்லாஹ்வை அஞ்சி நன்கு ஆராய்ந்தே முடிவெடுக்குமாறு அம்மன்றம் அறிவுறுத்தியது.

ஆலம்கீரியில் நாம் கண்ட அதே இரு நிபந்தனைகளே இங்கும் நிற்பதைக் காணுங்கள்.

நாட்டுச் சட்டமும் நமது கணக்கும்

1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தில் செய்யப்படுவதைத் தவிர, கருக்கலைப்பைக் குற்றமாகவே வைத்திருந்தது. 1964-இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைக்குப் பின் 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. கடுமையான குறைபாட்டுடன் குழந்தை பிறக்கும் அபாயம் இருந்தால் 20 வாரங்கள் வரை அது அனுமதித்தது. 2008-இல், அவ்வரம்பைக் கடந்த பின்னரே சிசுவின் இதயக் கோளாற்றை அறிந்த ஒரு தம்பதியரின் மனுவை மும்பை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வழக்கு நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது. 2021-இன் திருத்தச் சட்டம், மருத்துவ வாரியம் கண்டறியும் கடுமையான குறைபாடுகளுக்குக் கால வரம்பையே நீக்கிவிட்டது.

ஆயினும் சட்டம் அனுமதிப்பதெல்லாம் மார்க்கம் அனுமதிப்பதாகாது. 120 நாட்கள் என்பது ஏறத்தாழ 17 வாரங்கள். மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால் அவர்களின் கணக்கில் அது ஏறத்தாழ 19 வாரங்கள் ஆகும். உறுப்புகளைக் காணும் விரிவான ஸ்கேன் வழக்கமாக 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படுகிறது. அதற்குள் மார்க்கத்தின் காலவரம்பு முடிந்துவிடலாம். தலசீமியா போன்ற பரம்பரை நோய்களையோ 11 முதல் 13 வாரங்களிலேயே நஞ்சுத் திசுவைச் சோதித்து அறிய முடியும். ஆகவே குடும்பத்தில் நோய் உண்டு என அறிந்தவர்கள் தாமதிப்பது தகாது.

ஒவ்வொரு குறையும் காரணமாகாது

சலுகையைக் கூறும்போது மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். பார்வையின்மை, செவித்திறனின்மை, பிளவுபட்ட உதடு, கைகால் குறை ஆகியன உயிரைப் போக்கத் தக்க காரணங்களாகா. கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு ஒரு திருக்குர்ஆன் அத்தியாயத்தின் தொடக்கமே அருளப்பட்டது. அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக நியமித்தார்கள். மதீனாவில் தமது பிரதிநிதியாகவும் விட்டுச் சென்றார்கள்.

தலசீமியாவுடன் பிறந்த பிள்ளைகளும் சமுதாயத்தின் பிள்ளைகளே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் இந்நோயுற்ற குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்றது. சிகிச்சைக்கு வழி பிறக்கப் பிறக்க, 'வழியில்லாத நோய்' என்ற தீர்ப்பும் மாறக்கூடும். ஆனால் பணமில்லாத குடும்பத்திற்கு அந்த வழி எட்டாக்கனியே. இரத்த தானம் செய்வதும், ஏழை நோயாளிகளுக்கு ஜகாத்தைக் கொண்டு உதவுவதும் நம் ஜமாஅத்துகளின் பொறுப்பாகும். ஆலம்கீரியில் வந்த அத்தாய்க்குச் செவிலியை அமர்த்தித் தர யாரேனும் இருந்திருந்தால், அவள் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டாளல்லவா?

திருமணத்திற்கு முன்பே

பெருமக்களே! கருவுற்ற பின் கலங்குவதைவிட, நிகாஹுக்கு முன் அறிந்துகொள்வதே மேலானது. நோய்க்கூற்றைச் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாயின், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இதனால் மற்றோர் உண்மையும் விளங்கும். நோயுற்ற பிள்ளையைப் பெற்றாள் என்று மருமகளை மட்டும் பழிப்பதும், அதற்காகத் தலாக் கூறுவதும் அநீதியாகும். அந்நோய் தந்தை, தாய் இருவரிடமிருந்தும் வந்ததே.

மாமன், அத்தை மக்களை மணப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. ஆயினும் உறவுக்குள்ளேயே மணந்து நலிவுற்ற ஒரு கூட்டத்தாரை வெளியில் மணம் செய்யுமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாகச் சொல்லப்படுகிறது. ஈரான் 1997-இலும், சவூதி அரேபியா 2004-இலும் திருமணத்திற்கு முந்திய தலசீமியா பரிசோதனையைக் கட்டாயமாக்கின.

பரிசோதனை செய்வது விதியை மறுப்பதாகாதா என்று சிலர் வினவலாம். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டிற்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அபூ உபைதா (ரலி) அவர்களும் இதையே வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா அவர்கள் விடையளித்தார்கள். நமக்கும் அதுவே விடையாகும்.

எனவே நிகாஹ் பேசும்போதே இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் பேசுவோம். சோதனை நேர்ந்துவிட்டால் காலம் தாழ்த்தாது நம்பகமான மருத்துவரிடமும், தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடமும் ஆலோசனை பெறுவோம். வரம்பிற்குட்பட்ட சலுகையை நாடியவரைக் கொலைகாரர் என்று தூற்றாதிருப்போம். பொறுமையுடன் அப்பிள்ளையைப் பெற்று வளர்ப்பவரைத் தனியே தவிக்க விடாதிருப்போம்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! நோயுற்ற பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், அவர்தம் பெற்றோருக்கு அழகிய பொறுமையையும் வழங்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.