வண்டுக்கு வேலியில்லை

ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்திலே உள்ளது குறிஞ்சிப்பிட்டி. இத்தகைய புத்தளக் கரையோரத்துச் சிற்றூர்களில் தென்னை வெறும் மரமன்று. காய் கறிக்கு, கொப்பறா சந்தைக்கு, மட்டை தும்புக்கு, ஓலை கூரைக்கும் வேலிக்கும். புத்தளம், குருநாகல் மாவட்டங்களைத் தழுவிய ‘தென்னை முக்கோணம்’ இலங்கையின் தேங்காய் விளைச்சலுக்கு முதுகெலும்பாகும். அம்முதுகெலும்பை முறிக்கவல்ல பகையொன்று 1970ஆம் ஆண்டளவில் நாட்டின் மேற்குக் கரையிலே தோன்றியது.

அதன் பெயர் புரொமெகோதீக்கா குமிங்கி. விரல் நகத்தினும் சிறிய வண்டு. பிலிப்பைன்ஸ், மலாயா முதலிய தென்கிழக்காசிய நாடுகளுக்கு உரியது. ஓலையின் அடிப்புறத்தில் முட்டையிடும். பொரித்த புழு ஓலையின் இரு தோல்களுக்கும் நடுவே புகுந்து பசுமையைத் தின்னும். தாக்குண்ட தோப்பு தீயிற் கருகியதுபோல நிற்கும். எல்லை கடந்து வந்த இவ்வண்டு, தன்னை அடக்கிவைத்த பகைவர்களைத் தாயகத்திலேயே விட்டு வந்தது. அதுவே அதன் பலம்.

நஞ்சு தெளித்தால் தீராதோ எனச் சிலர் கேட்கலாம். நெடிதுயர்ந்த மரங்களின் உச்சிக்கு மருந்தடிக்கப் பொறியும் ஆளும் பணமும் வேண்டும். பெருந்தோட்ட முதலாளியால் அது இயலக்கூடும். இருபது மரங்களை நம்பி வாழும் ஏழையால் இயலுமா? அவன் மரங்களில் வண்டு எஞ்சினால், அடுத்த தோட்டத்தின் ஆயிரம் மரங்களுக்கும் காவல் ஏது? மேலும், ஓலைக்குள் ஒளிந்திருக்கும் புழு தப்ப, வெளியே திரியும் நன்மை செய்யும் பூச்சிகளே நஞ்சுக்கு முதற்பலியாகும்.

இதற்கான பாடத்தை வரலாறு பிஜித் தீவிலே முன்னரே எழுதி வைத்திருந்தது. அங்கும் இவ்வண்டின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு வண்டு உண்டு. உள்ளூர் ஒட்டுண்ணிகள் அதனை அடக்கியே வைத்திருந்தன. வெளியிலிருந்து தற்செயலாக வந்து சேர்ந்த சிலந்திப்பேன் ஒன்று அச்சமநிலையைக் குலைத்தது. அது வண்டின் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் ஒருசேர அழித்தது. எஞ்சியவை ஒரே பருவத்தில் பெருகின. உரிய பருவத்துப் புழு கிடைக்காமல் உள்ளூர் ஒட்டுண்ணிகள் மாண்டன. வண்டு கட்டவிழ்ந்து பெருகியது. டெய்லர் என்னும் பூச்சியியலறிஞர் இக்காரணத்தைப் படிப்படியாக ஆராய்ந்தறிந்தார். அதன் பின்னரே, அந்நிலையிலும் பிழைத்துப் பெருகவல்ல சிறு குளவியொன்று யாவாவிலிருந்து 1933இல் கொணரப்பட்டது, வண்டும் அடங்கியது. காரணம் அறியாத கை மருந்தை மட்டும் வீசும். காரணம் அறிந்த கை நோயின் வேரைப் பிடிக்கும்.

இலங்கை இப்பாடத்தைக் கற்றது. 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சிப் பணியின் நிலையம் புத்தளம் மாவட்டத்து லுணுவிலவிலே உள்ளது. அதன் விஞ்ஞானிகள், பொதுநலவாய உயிரியற் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் துணையோடு, சிங்கப்பூரிலிருந்து டிமோக்கியா ஜாவானிக்கா என்னும் நுண்குளவியை 1971இல் தருவித்தனர். ஆய்வுகூடத்தில் வளர்த்துத் தோப்புகளில் விடுத்தனர். வண்டின் புழுமீது முட்டையிட்டு, அப்புழுவையே தன் குஞ்சுக்கு உணவாக்குவது அக்குளவியின் இயல்பு. சில ஆண்டுகளிலேயே வண்டின் கொட்டம் ஒடுங்கியது. மேற்குக் கரையில் மூண்ட தீ தென்னை முக்கோணத்தைச் சுட்டெரிக்காமல் தணிந்தது.

அக்குளவியை எந்த வணிக நிறுவனமும் புட்டியில் அடைத்து விற்கவில்லை. ஒருமுறை விடுத்தபின் அது தானே பெருகி, செல்வனின் தோப்பென்றும் ஏழையின் வளவென்றும் பாராது பறந்து சென்றது. வண்டுக்கு வேலியில்லை, அதனை வென்ற அறிவுக்கும் வேலியில்லை. யாவா, பிஜி, சிங்கப்பூர், லுணுவில எனக் கைமாறி வந்த அவ்வறிவைப் பொதுப்பணமும் பொது நிலையமும் பேணின. நாளொரு வண்ணமாய்ப் பெருகும் கப்பல் வாணிகம் நாளையும் ஒரு புதிய பூச்சியைக் கரை சேர்க்கும். அன்று ஆராய்ச்சி நிலையங்கள் பாழ்பட்டு, நஞ்சு வணிகர் மட்டுமே எஞ்சியிருப்பராயின், முதலில் வீழ்வது இருபது மரங்களின் நிழலில் வாழும் குடும்பமே. போர்வெற்றிகளை மனனம் செய்யும் நம் மாணவர்க்கு, துப்பாக்கியின்றி ஈட்டிய இவ்வெற்றியையும் ஆசிரியர்கள் எடுத்துரைப்பார்களாக.