நல்ல கண்ணின் மறைவில்

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நடுவண் அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே ஆண்டில் பிறந்தது. இரண்டும் முதலில் குறிவைத்தது கண்புரையை. பேத்துப்பாறை போன்ற பழனிமலைச் சிற்றூரில் தடவி நடக்கும் முதியவரை ஊரே அறியும். ஒரு கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவிடும் சோம்பேறிக் கண்ணுள்ள பிள்ளையோ நல்ல கண்ணால் ஓடும், படிக்கும். மாறுகண் தெரிந்தாலும் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவார்கள். இரு கண்ணும் இழந்தவரைத் தேடிய நம் கண் மருத்துவ வரலாற்றில் இப்பிள்ளைகள் விடுபட்டது இப்படித்தான்.

வைத்தியம் இல்லாமல் அல்ல. நல்ல கண்ணை மூடச் சொல்லி பிரான்சின் இயற்கையியலாளர் புஃபோன் 1743-லேயே எழுதினார். குட்டிப்பருவத்தில் மூடிவைத்த கண்ணைப் பூனையின் மூளை கைவிடுவதை 1960-களில் நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபெலும் வீசலும் காட்டினர். 1981-இல் நோபல் பெற்றனர். வைத்தியம் இதுதான்: தேவையானால் கண்ணாடி, பிறகு நல்ல கண்ணின்மேல் தோலோடு ஒட்டும் பட்டை. ஓரத்தில் சிறு இடுக்கு இருந்தாலும் பிள்ளை அதன்வழி நல்ல கண்ணால் எட்டிப் பார்த்துவிடும்.

புரைக்கு முதலிடம் தந்தது தவறா என்பார்கள். தவறில்லை, ஆனால் புரை அறுவைக்குப் பெரும்பாலும் காத்திருக்கும், வளரும் மூளை காத்திராது. ஆனாலும் ஏழு வயதுக்குமேல் வைத்தியம் வீண் என்ற பழைய நம்பிக்கையை 2005-இன் அமெரிக்க ஆய்வு தளர்த்தியது: 7 முதல் 12 வயதிலும் பலருக்குப் பார்வை கூடியது. மிதமான குறைக்குத் தினம் இரண்டு மணிநேரப் பட்டை ஆறு மணிநேரத்துக்கு ஈடு என்று 2003-லேயே தெரிந்துவிட்டது. மலையூர் வீட்டிலும் இது முடியும். அதற்கு அங்கன்வாடியிலேயே ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதிக்க வேண்டும்.