காற்றைக் கணக்கிட்ட கதை

காற்றும் வெப்பமும் ஈரமும் வானவெளியில் இடம்பெயரும் விதத்தைக் கணிதத்தால் முன்னறிய முயன்ற வரலாறு, ஒரு பெருந்தோல்வியில் தொடங்குகிறது.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். ஓய்வு கிடைத்த வேளைகளில், 1910 மே 20ஆம் நாளன்று ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட வானிலை அளவுகளை வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று கையாலேயே கணக்கிட்டார். 145 மில்லிபார் என்று விடை வந்தது. கடும்புயலிலும் காணக் கிடைக்காத மாறுதல் அது! உண்மையிலோ, அன்று அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை. போதாக்குறைக்கு 1917இல் கையெழுத்துப் பிரதியும் போர்க்களத்தில் காணாமற்போய், சில மாதங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் அகப்பட்டது. 1922இல் ரிச்சர்ட்சன் தம் தவறான விடையை மறைக்காமலே அதை நூலாக வெளியிட்டார். உலகத்தின் வானிலையைக் கணக்கிட 64,000 பேர் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருப்பதாக அந்நூலில் ஒரு கற்பனையும் உண்டு.

அவருடைய சமன்பாடுகளில் குற்றமில்லை. தொடக்க அளவுகளில் காற்றின் வேகமும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையவில்லை என்பதே கோளாறு எனப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் காட்டினர்.

கணக்கு ஏன் இத்துணைக் கடினம்? வெப்பம் காற்றை மேலெழுப்புகிறது. எழுந்த காற்று வெப்பத்தையும் நீராவியையும் சுமந்து செல்கிறது. அதனால் காற்றின் போக்கே மாறிவிடுகிறது. காரணம் இருமடங்கானால் விளைவும் இருமடங்காகும் என்னும் எளிய விதி இங்கே செல்லாது. இதனை 'நேரியலற்ற' இயக்கம் என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் முழு நிறைவு தருவதில்லை. தன் விளைவே தனக்குக் காரணமாகும் இயக்கம் என்றால் ஓரளவு விளங்கும்.

1950இல் அமெரிக்காவின் எனியாக் என்னும் கணிப்பொறி, 24 மணி நேரத்து வானிலையைக் கணிக்க ஏறக்குறைய 24 மணி நேரமே எடுத்துக்கொண்டது. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ், 0.506127 என்ற எண்ணை 0.506 எனச் சுருக்கி இயந்திரத்துக்குக் கொடுத்தார். அவ்வளவுதான், சிறிது நேரத்தில் விடை முற்றிலும் வேறாகிவிட்டது.

பருவமழையை நம்பி விதைக்கும் நம் நாட்டுக்கு இக்கணக்கு உணவுப் பிரச்சினை. எண்பதுகளில் இந்தியா அமெரிக்காவிடம் கிரே நிறுவனத்தின் சூப்பர் கம்ப்யூட்டரைக் கேட்டது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், கேட்டதினும் ஆற்றல் குறைந்த எக்ஸ்-எம்.பி. 14 என்ற இயந்திரமே, வானிலைப் பணிக்கென்ற கட்டுப்பாட்டோடு, புது டில்லிக்கு வந்து சேர்ந்தது. மறுக்கப்பட்டதை நாமே செய்வோம் என்று புனேயில் 1988இல் ஸி-டாக் நிறுவனம் தோன்றியது. 1991இல் 'பரம் 8000' உருவாயிற்று.

பின்னர் 2018இல் வானிலை ஆராய்ச்சிக்கென்றே புனேயில் 'பிரத்யுஷ்', நொய்டாவில் 'மிஹிர்' என இரு சூப்பர் கம்ப்யூட்டர்கள் நிறுவப்பட்டன. அவற்றைக் கொண்டு பூமிப்பரப்பை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிட்டனர். 2025இல் அது 6 கிலோமீட்டராகக் குறைந்தது. ஆயினும் மழை பொழியும் மேகங்களிற் பல அக்கட்டத்தினும் சிறியவை. அவை ஏற்றிச் செல்லும் வெப்பத்தையும் ஈரத்தையும் இன்றும் தோராயமாகவே கணக்கில் சேர்க்கின்றனர்.