பாக்கஸ் பக்தர்களைப் பற்றி யார் சொன்னது?



உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டார்: "சேர், உரோமர் வேறு நாட்டுத் தெய்வங்களையும் ஏற்றுக்கொண்டாங்க என்டு படிச்சம். பிறகு ஏன் பாக்கஸ் வழிபாட்டை அடக்கினாங்க?"

நல்ல கேள்வி. பாக்கஸ் என்பது கிரேக்கரின் தயோனிசஸ், மதுவின் தெய்வம். கி.மு. 186இல் உரோம செனற் சபை இந்த வழிபாட்டின் மீது கை வைத்தது.

வரலாற்றாசிரியர் லிவி இதைப் பயங்கரமாக விவரிக்கிறார். இரவுக் கூட்டங்கள், ஒழுக்கக்கேடு, போலி உயில்கள், நஞ்சு, கொலை. மேள ஓசையில் அலறல் வெளியே கேட்காதாம். 7,000க்கு மேற்பட்டோர் சம்பந்தப்பட்டார்கள் என்கிறார். காட்டிக்கொடுத்தவர்களுக்குச் சன்மானமும் கிடைத்தது. ஆனால் லிவி இதை எழுதியது சம்பவம் நடந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் பிறகு.

அதே ஆண்டின் அரச கட்டளையே நம்மிடம் இருக்கிறது. 1640இல் தென் இத்தாலியின் திரியோலோவில் கிடைத்த வெண்கலத் தகடு, இன்று வியன்னா நூதனசாலையில் உள்ளது. அதில் கொலையும் இல்லை, நஞ்சும் இல்லை. பொது நிதி வைக்கக் கூடாது, தலைவர் இருக்கக் கூடாது, ஒன்றுகூடிச் சத்தியம் செய்யக் கூடாது, இரகசியமாகச் சடங்கு செய்யக் கூடாது. வழிபட விரும்புவோர் உரோமுக்கு வந்து அனுமதி கேட்க வேண்டும். 100 செனற்றர்களாவது இருக்கும் சபை அதை முடிவு செய்யும். அப்போதும் ஐந்து பேருக்கு மேல் கூடாது: ஆண்கள் இருவர், பெண்கள் மூவர். மீறினால் மரண தண்டனை.

ஆக, வழிபாடு முற்றாகத் தடை செய்யப்படவில்லை. அரசு அஞ்சியது, தன் கைக்குள் அடங்காத அமைப்பைக் கண்டுதான் என்று தோன்றுகிறது. அதற்காக லிவி சொன்னது முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டளை என்பது குற்றப்பத்திரிகை அல்ல.

அந்தப் பக்தர்கள் என்ன சொன்னார்கள்? 186இல் தண்டிக்கப்பட்டவர்களின் வாக்குமூலம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அதே தென் இத்தாலியில், ஹிப்போனியன் என்ற ஊரில், ஒரு பெண்ணின் கல்லறையில் சிறு தங்கத் தகடு கிடைத்தது. அது கி.மு. 400 அளவில் எழுதப்பட்டது. மறுமையில் நினைவு ஏரியின் நீரைக் கேட்டுக் குடி, பாக்கஸ் அடியார்கள் செல்லும் புனிதப் பாதையில் நீயும் செல்வாய் என்று அது இறந்தவளுக்கு வழி சொல்கிறது. ஒரு மனுசியின் மறுமை நம்பிக்கை, அவ்வளவுதான்.

ஒரு சமூகத்தைப் பற்றி மற்றவர்கள் மட்டுமே பேசினால் என்ன நடக்கும் என்பது நமக்கும் தெரியும். மற்றவர் மார்க்கத்தைப் பற்றி நாம் பேசும்போதும் அது நினைவில் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பிள்ளை கேட்டார்: "அப்ப சோதினைக்கு எதை எழுதுற சேர்?"

"மூன்றையும் எழுதுங்க. எதை யார், எப்ப சொன்னது என்டும் எழுதுங்க" என்றேன்.